காசா, ஹமாஸ், முற்றுகை: பேக்கரிப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்ப்பது என் வேலை. 2023 கடைசியில் செங்கடல் வழியில் சிக்கல் வந்ததிலிருந்து, "கப்பல் ஏன் லேட்டு" என்று ஆரம்பிக்கிற பேச்சு எப்படியும் காசாவில்தான் போய் நிற்கிறது. கம்பெனி கேண்டீனிலும் பேக்கரியிலும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். தகவல்கள் 2025 டிசம்பர் தொடக்கம் வரைக்குமானவை.

ஏனுங்க, காசாங்கிறது நாடா, ஊரா, ஜில்லாவா?

மத்தியதரைக் கடலோரமாக 41 கிலோமீட்டர் நீளம், 6 முதல் 12 கிலோமீட்டர் அகலம். கோவையிலிருந்து அவிநாசி போகிற தூரம்தான் அதன் நீளம். மொத்தப் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். அதற்குள் போருக்கு முன்னால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். வடக்கிலும் கிழக்கிலும் இஸ்ரேல், தெற்கில் எகிப்து, மேற்கில் கடல். அந்தக் கடலிலும் இஸ்ரேல் கடற்படை நிற்கிறது.

தனி நாடு இல்லை. பாலஸ்தீனம் என்று சொல்லப்படும் நிலத்தில் இது ஒரு துண்டு. மேற்குக் கரை இன்னொரு துண்டு. இரண்டுக்கும் நடுவில் இஸ்ரேல். 1948 முதல் 1967 வரை காசாவைப் பெரும்பாலும் எகிப்து நிர்வகித்தது, 1967 போரில் இஸ்ரேல் பிடித்தது, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைவர்களும் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு 1994-இல் பாலஸ்தீன நிர்வாகம் வந்தது. அங்கே இருப்பவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் பதிவு பெற்ற அகதிகள். அதாவது 1948-இல் இன்றைய இஸ்ரேலுக்குள் இருந்த ஊர்களிலிருந்து துரத்தப்பட்டோ ஓடியோ வந்தவர்களும் அவர்கள் பிள்ளை, பேரன்மாரும்.

ஹமாஸ்னா கட்சியா, இயக்கமா, தீவிரவாதக் கும்பலா? டிவியில ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

எல்லா வேலையையும் ஒரே அமைப்பு பார்க்கிறது, அதனால்தான் ஆளுக்கொரு பெயர். 1987 டிசம்பரில், இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்த முதல் இன்திஃபாதா எழுச்சி வெடித்த கையோடு, எகிப்தின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் காசா கிளையிலிருந்து பிறந்தது ஹமாஸ். நிறுவியவர்களில் முதன்மையானவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஷேக் அகமது யாசின். 2004 மார்ச்சில் இஸ்ரேல் அவரை ஏவுகணை வீசிக் கொன்றது. பள்ளிவாசல், மருத்துவமனை, ஏழைகளுக்கு உதவி என்று ஒரு கை. கஸ்ஸாம் படை என்ற ஆயுதப் பிரிவு இன்னொரு கை. மேலே அரசியல் குழு. 1990-களிலும் 2000-களிலும் இஸ்ரேலியப் பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டு வைத்து நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது இந்த அமைப்புதான்.

1988 சாசனம் இஸ்ரேல் இருக்கும் நிலத்தையும் சேர்த்து முழுப் பாலஸ்தீனத்தையும் கேட்டது, யூத வெறுப்பும் அதில் வெளிப்படையாக இருந்தது. 2017-இல் வெளியிட்ட ஆவணம் 1967 போருக்கு முந்தைய எல்லைப்படி ஒரு பாலஸ்தீன அரசு என்பதை ஒத்துக்கொண்டது, ஆனால் இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. அமெரிக்கா 1997-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலும் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தன. ஐநா பாதுகாப்பு அவையின் பட்டியலில் பெயர் இல்லை. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வதற்குப் பெயர் பயங்கரவாதம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி முடித்தால் பேச்சும் முடிந்தது என்று எழுந்து போய்விட்டால், 20 லட்சம் பேரை ஒரு ஆயுதக் குழு எப்படி இத்தனை வருசம் ஆண்டது என்பது கடைசி வரை புரியாது.

ஹமாசை உருவாக்கினதே இஸ்ரேல்தான்னு ஒரு வீடியோ சுத்துதுங்களே?

பாதி உண்மையை முழு உண்மையாக ஊதிய வீடியோ. ஹமாஸ் பிறப்பதற்கு முன்பே யாசின் நடத்திவந்த மதத் தொண்டு அமைப்புக்கு 1979-இல் அனுமதி கொடுத்தது இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம். அன்றைக்கு அவர்களுக்குத் தலைவலி யாசர் அராபத்தின் பாலஸ்தீன விடுதலை இயக்கம். மதவாதிகள் வளர்ந்தால் அராபத் ஆட்கள் தேய்வார்கள் என்று கண்டும் காணாமல் விட்டார்கள். அதற்காக ஹமாசின் கொள்கையையோ படையையோ இஸ்ரேல் பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் கத்தார் பணத்தை உள்ளே விட்ட கதை வேறு, அதைக் கீழே பணம் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ஓட்டுப் போட்டுத்தானே ஜெயிச்சாங்க? அப்ப சனங்களும் பொறுப்புத்தானுங்களே?

2006 ஜனவரியில் நடந்தது பாலஸ்தீன சட்டமன்றத் தேர்தல். காசாவில் மட்டும் இல்லை, மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் ஓட்டுப் போட்டார்கள். 132 இடங்களில் ஹமாசுக்கு 74, அராபத் தொடங்கிய ஃபத்தா கட்சிக்கு 45. ஓட்டு வித்தியாசம் என்னவோ சொற்பம்: சுமார் 44 விழுக்காடு, 41 விழுக்காடு. தொகுதிக்குத் தொகுதி ஃபத்தாக்காரர்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் நின்று ஓட்டைப் பிரித்துக் கொண்டார்கள். ஃபத்தாவின் ஊழல்மீது இருந்த கோபமும் சேர்ந்து கொண்டது. நம் ஊர் உள்ளாட்சித் தேர்தல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். இஸ்ரேலை அங்கீகரி, வன்முறையைக் கைவிடு, பழைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள் என்று அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐநா நால்வரும் நிபந்தனை போட்டார்கள். ஹமாஸ் மறுத்தது, உதவிப் பணம் நின்றது. 2007 ஜூனில் ஹமாசும் ஃபத்தாவும் காசாத் தெருக்களில் சுட்டுக்கொண்டன. ஹமாஸ் ஆயுதத்தால் முழுக் காசாவையும் பிடித்தது. ஃபத்தாவைச் சேர்ந்த பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் அரசைக் கலைத்துவிட்டு, மேற்குக் கரையிலுள்ள ரமல்லா நகரத்திலிருந்து அந்தப் பகுதியை ஆண்டார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சட்டமன்றத் தேர்தலே கிடையாது.

2023 போர் தொடங்கியபோது 35 வயதுக்குக் கீழே இருந்த யாருக்கும் 2006-இல் ஓட்டு இல்லை. காசாவில் ஏறக்குறைய பாதிப் பேர் 18 வயது நிரம்பாதவர்கள். "அவங்கதானே ஓட்டுப் போட்டாங்க" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இஸ்ரேல்தான் 2005-லயே வெளிய போயிருச்சுங்களே. அப்புறம் என்ன ஆக்கிரமிப்பு?

2005-இல் காசாவுக்குள் இருந்த 21 யூதக் குடியிருப்புகளையும் காலி செய்து, ராணுவத்தையும் வெளியே எடுத்தார்கள். உண்மை. ஆனால் வானம், கடல், எகிப்து எல்லை நீங்கலான தரை வாசல்கள், எந்தச் சரக்கு உள்ளே போகலாம், யார் வெளியே வரலாம் என்பதெல்லாம் இஸ்ரேல் கையில்தான் இருந்தன. பிறந்த குழந்தைக்கு அடையாள எண் செல்லுபடியாக வேண்டும் என்றால்கூட இஸ்ரேல் வைத்திருக்கும் மக்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். அதனால்தான் ஐநா இன்னும் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை விடவில்லை. இஸ்ரேல் அதை ஏற்பதில்லை.

முற்றுகைன்னா என்னங்க, சுத்தி வேலி போட்டு அடைச்சுட்டாங்களா?

வேலியும் உண்டு. ஆனால் வேலியைவிடப் பெரிய விசயம் பட்டியல். 2007-க்குப் பிறகு எது உள்ளே போகலாம் என்பதை ஒரு பட்டியல் முடிவு செய்தது. ஆயுதம் செய்யவும் உதவும் என்ற பெயரில் சிமெண்ட், கம்பி, சில குழாய்கள், சில உரங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதையாவது புரிந்துகொள்ளலாம். 2010-க்கு முந்தைய வருசங்களில் கொத்தமல்லித் தழையும் சாக்லேட்டும்கூட உள்ளே விடப்படவில்லை. கொத்தமல்லித் தழையை வைத்து என்ன ராக்கெட் செய்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2010 மே மாதம் துருக்கியிலிருந்து நிவாரணம் கொண்டுவந்த கப்பலில் இஸ்ரேலிய கமாண்டோக்கள் இறங்கிச் சுட்டதில் ஆட்கள் செத்து, உலகம் முழுக்கக் கண்டனம் வந்தபின்தான் சாப்பாட்டுச் சாமான்களுக்கான கெடுபிடி தளர்ந்தது.

இன்னொன்று. காசாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி வேண்டும் என்று 2008-இல் இஸ்ரேலிய அதிகாரிகள் ஒரு கணக்குப் போட்டு, அதற்கு எத்தனை லாரி தேவை என்று காகிதத்தில் எழுதினார்கள். இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போய் 2012-இல் அதை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைக்கு வரவில்லை என்றது பாதுகாப்பு அமைச்சகம்.

திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய விசயம் ஒன்று உண்டு. காசாவும் ஒரு காலத்தில் தையல் ஊர். நூற்றுக்கணக்கான தையல் கூடங்கள், பல ஆயிரம் டெய்லர்கள். இஸ்ரேலிய நிறுவனங்கள் வெட்டிய துணியை அனுப்பும், காசாவில் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். நாம் சொல்கிற ஜாப் ஒர்க் அப்படியே. 2007 ஜூனில் சரக்கு போய்வந்த கர்னி வாசல் மூடப்பட்டதும் பீஸ் உள்ளே வருவதும் நின்றது, தைத்தது வெளியே போவதும் நின்றது. மிஷின்கள் துணி மூடிக் கிடந்தன. பல வருசம் கழித்துக் கொஞ்சம் ஏற்றுமதியை அனுமதித்தபோது நாளுக்குச் சில மணி நேரம்தான் கரண்ட். கரண்ட் வருகிற நேரம் பார்த்து டெய்லரை நடுராத்திரியிலும் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே அரை நாள் பவர் கட் என்றாலே ஷிப்மெண்ட் தேதி போய்விட்டது என்று நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும்.

எகிப்து முஸ்லிம் நாடுதானுங்க? அவங்க கேட்டைத் திறந்துவிட்டா என்னவாம்?

மதத்தை வைத்து நாடுகள் முடிவெடுப்பதில்லை. எகிப்து 1979-இல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் போட்ட நாடு. ஹமாசின் தாய் இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவம் எகிப்து ராணுவத்துக்கு உள்நாட்டு எதிரி. 2013 ஜூலையில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த அதிபர் முர்சியைக் கவிழ்த்துத்தான் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. சினாய் பாலைவனத்தில் ஆயுதக் குழுக்களோடு சண்டை வேறு. இதற்கெல்லாம் மேல் ஒரு பயம்: ஒருமுறை காசா சனம் எல்லை தாண்டி வந்துவிட்டால் இஸ்ரேல் திரும்பச் சேர்க்காது, 1948 கதை மறுபடி நடக்கும் என்று. அந்தப் பயத்தைக் காரணமில்லாதது என்று தள்ளிவிட முடியாது. எகிப்துக்குப் போகும் ரஃபா வாசலின் காசாப் பக்கத்தை 2024 மே மாதம் இஸ்ரேலிய ராணுவமே பிடித்துக்கொண்டது.

குப்பை அள்ளறது, ஸ்கூல் நடத்தறது, கரண்ட் உடறது எல்லாம் யாருங்க? துப்பாக்கி வெச்சிருக்கறவங்களா இதெல்லாம் பண்ணுவாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. 2007 முதல் 2023 வரை ஒரு சாதாரண காசா குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள எண் இஸ்ரேலின் பதிவேட்டில். பாஸ்போர்ட் ரமல்லாவிலிருந்து. கையில் புழங்கும் நோட்டு இஸ்ரேலிய ஷெக்கல். கரண்ட்டில் பெரும்பகுதி இஸ்ரேலிலிருந்து வரும் லைன். மீதி காசாவின் ஒரே ஒரு அனல்மின் நிலையத்தில். அதற்கு டீசல் வாங்கப் பணம் சில நேரம் ரமல்லா, சில நேரம் கத்தார். அகதிக் குடும்பம் என்றால் பிள்ளை படிப்பது ஐநாவின் பாலஸ்தீன அகதிகள் நிறுவனப் பள்ளியில், காலை ஷிப்ட் அல்லது மதிய ஷிப்ட். மாவும் எண்ணெயும் அதே நிறுவனத்தின் கிட்டங்கியில். போலீஸ், கோர்ட், வரி, குறுக்கே பேசினால் விசாரணை, இதெல்லாம் ஹமாஸ்.

சம்பளக் கதைதான் விசித்திரம். 2007-இல் ஹமாஸ் ஆட்சியைப் பிடித்ததும், காசாவிலிருந்த தன் ஊழியர்களை "வேலைக்குப் போகாதீர்கள், சம்பளம் வீட்டுக்கு வரும்" என்றது ரமல்லா நிர்வாகம். பல்லாயிரம் வாத்தியார்களும் போலீஸ்காரர்களும் குமாஸ்தாக்களும் வருசக்கணக்கில் வீட்டில் இருந்தபடியே சம்பளம் வாங்கினார்கள். அந்த நாற்காலிகளில் ஹமாஸ் தன் ஆட்களை உட்கார வைத்தது. அவர்களுக்குக் கஜானா வறண்ட மாதங்களில் பாதிச் சம்பளம், சில நேரம் அதுவும் இல்லை. ஒரே தெருவில் வேலைக்குப் போகாமல் முழுச் சம்பளம் வாங்குகிறவரும், தினமும் போய் அரைச் சம்பளம் வாங்குகிறவரும் இருந்தார்கள். 2017-இல் ரமல்லாவும் தன் பங்குக்குக் காசா ஊழியர் சம்பளத்தில் வெட்டு போட்டது.

என் கருத்து இதுதான்: ஆட்சியின் சுமை பலர் தலையில் இருந்தது, பிடி மட்டும் ஹமாஸ் கையில் இருந்தது. சோறு போடுவது ஐநா, கரண்ட் கொடுப்பது இஸ்ரேல், பணம் கொடுப்பது கத்தாரும் ரமல்லாவும் என்று ஆனபின், ஆளுகிறவனுக்குச் சுரங்கம் தோண்டவும் ராக்கெட் செய்யவும் நேரமும் காசும் மிஞ்சும். முற்றுகை போட்டால் ஹமாஸ் தானாக விழும் என்று நினைத்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அப்ப ஹமாசுக்குப் பணம் எங்கிருந்துதாங்க வந்துச்சு?

ஈரான் கொடுத்தது, வெளிநாட்டு நன்கொடை, முதலீடுகள், உள்ளூர் வரி. வரியில் சுவாரசியமானது ரஃபா சுரங்கங்கள். எகிப்து எல்லைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் தோண்டி சிமெண்ட், பெட்ரோல், மாடு, கார் வரைக்கும் கொண்டுவந்தார்கள். 2013-இல் எகிப்தின் அல் அரிஷ் நகரத்திலிருந்து கேஎஃப்சி சிக்கன்கூடச் சுரங்கம் வழியாக டெலிவரி ஆனது. ஆறிப்போய்த்தான் வந்தது, விலையும் அதிகம், ஆனால் வாங்க ஆள் இருந்தது. இந்த வியாபாரச் சுரங்கங்களுக்கு ஹமாஸ் லைசென்ஸ் கொடுத்து வரி வசூலித்தது. முர்சி போனபின் எகிப்து ராணுவம் பெரும்பாலானவற்றை அடைத்தது. சண்டைக்கான சுரங்கங்கள் வேறு, இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

2018 கடைசியில் காசாவில் ஊழியர் சம்பளம் முடங்கியபோது, கத்தார் தூதர் சூட்கேசில் 1.5 கோடி டாலர் ரொக்கத்தோடு இஸ்ரேல் வழியாக உள்ளே போனார். பிறகு ஏழைக் குடும்பத்துக்கு 100 டாலர் என்றும் கொடுத்தார்கள். இஸ்ரேல் அரசின் சம்மதம் இல்லாமல் அந்த சூட்கேஸ் எல்லையைத் தாண்டியிருக்க முடியாது. காசா அமைதியாக இருக்கும், ஹமாசும் ரமல்லாவும் ஒட்டாமல் தனித்தனியாகவே கிடக்கும் என்பது நெதன்யாகு அரசின் கணக்கு என்று இஸ்ரேலுக்குள்ளேயே பலர் பின்னால் குற்றம் சாட்டினார்கள்.

ஈரான் ஷியா, ஹமாஸ் சன்னி. எப்படிங்க ஒட்டுது?

தேவை ஒட்டவைக்கிறது. ஒட்டாத நேரமும் இருந்தது: சிரியா உள்நாட்டுப் போரில் ஈரான் சிரிய அதிபர் அசாத் பக்கம் நின்றபோது, ஹமாஸ் தலைமை அதுவரை தங்கியிருந்த சிரியத் தலைநகர் டமாஸ்கசை 2012-இல் காலி செய்தது. பிறகு மெல்ல ராசியானார்கள். லெபனானின் ஹிஸ்புல்லா, ஏமனின் ஹூதிகள் என்ற ஆயுதக் குழுக்களும் அதே ஈரான் வட்டம்.

அந்த வட்டம் 2024-இல் உடைய ஆரம்பித்தது. ஜூலை 31-இல் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானிலேயே கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லாவும், அக்டோபரில் காசாவில் ஹனியேவுக்குப் பின் ஹமாஸ் தலைவரான யாஹ்யா சின்வாரும் கொல்லப்பட்டார்கள்; டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சியே கவிழ்ந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் நேருக்கு நேர் மோதின.

நம்ம கண்டெய்னரை லேட்டாக்கினது ஹமாசா?

இல்லை, ஹூதிகள். 2014 முதல் ஏமன் தலைநகர் சனாவைப் பிடித்து வைத்து ஆளுகிற இன்னொரு ஆயுதக் குழு. காசாவுக்கு ஆதரவு என்று சொல்லி 2023 நவம்பரில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலைக் கடத்தினார்கள், அப்புறம் செங்கடலின் தெற்கு வாயிலான பாப் அல் மந்தப் நீரிணை வழியே போன கப்பல்கள்மீது ஏவுகணையும் ட்ரோனும் விட்டார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய் ஐரோப்பாவுக்கு ஏறும் நம் பெட்டிக்கு ஏறக்குறைய பத்து, பதினைந்து நாள் கூடுதல், ஃபிரைட்டும் ஏறியது. 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு தாக்குதல் நின்றாலும், எல்லா நிறுவனமும் உடனே பழைய வழிக்குத் திரும்பிவிடவில்லை. இன்சூரன்ஸ்காரன் நம்பினால்தான் கப்பல்காரன் நம்புவான்.

அக்டோபர் 7-ஐப் பத்தி வாயே திறக்கலீங்களே?

திறக்கிறேன். 2023 அக்டோபர் 7 காலையில் ஹமாசும் அதோடு சேர்ந்த குழுக்களும் வேலியை உடைத்து இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பொதுமக்கள். வயல்வெளியில் நடந்த இசைத் திருவிழாவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். கூலிக்கு வந்த தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளர்கள், விவசாயம் படிக்கப்போன 10 நேபாள மாணவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. 251 பேரைப் பணயக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். முற்றுகை எவ்வளவு கொடுமையானது என்று நான் மேலே எழுதியது எதுவும் இதை நியாயப்படுத்தாது. இது நடந்ததால் பின்னால் காசாவில் நடந்ததும் நியாயமாகிவிடாது.

செத்தவங்க கணக்கை ஹமாஸ்தானுங்க சொல்லுது? எப்படி நம்பறது?

காசா சுகாதார அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் பெயர், வயது, அடையாள எண் போட்டுப் பட்டியல் வெளியிடுகிறார்கள். அந்த எண் யார் பதிவேட்டில் இருக்கிறது என்று 2005 பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். பொய் எண் போட்டால் இஸ்ரேல் பிடித்துவிடும். முந்தைய போர்களில் ஐநா தனியாக எண்ணியபோது இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 2025 நவம்பர் கடைசியில் இந்த எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. போராளி எத்தனை, பொதுமக்கள் எத்தனை என்று அமைச்சகம் பிரிப்பதில்லை, அது குறைதான். பெண்களும் குழந்தைகளும் பெரும்பங்கு என்பது பட்டியலிலிருந்தே தெரிகிறது.

பசியால் செத்தவர்கள் தனி. 2025 ஆகஸ்ட் 22-இல் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐநா ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு நிபுணர் குழு முறைப்படி அறிவித்தது. இஸ்ரேல் அதை மறுத்தது.

ஆஸ்பத்திரிக்கு அடியில சுரங்கம் வெச்சா, அடிக்காம என்னங்க பண்றது?

மக்கள் நடுவில் ஒளிந்து சண்டை போடுவது போர்ச் சட்டப்படி குற்றம். ஹமாஸ் அதைச் செய்தது. ஆனால் எதிரி குற்றம் செய்ததால் நம் கடமை ரத்து என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை; நோயாளி நோயாளிதான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் ஹமாஸ் ஆயுதப் பிரிவுத் தலைவர் முகமது தெய்ஃபுக்கும் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்ட் இருவருக்கும் ஒரே நாளில் பிடிவாரண்ட் போட்டது. தெய்ஃப் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தது பிறகுதான் உறுதியானது.

நம்ம நாடு எந்தப் பக்கமுங்க?

இரண்டு பக்கமும் கைகுலுக்குகிற பக்கம். 1974-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்தது, 1988-இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது, 1992-இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு வைத்தது. பாலஸ்தீனத்துக்கான இந்தியாவின் பிரதிநிதி அலுவலகம் 1996-இல் திறந்ததே காசாவில்தான். 2003-இல் ரமல்லாவுக்கு மாறியது. 1956 முதல் 1967 வரை காசாவில் ஐநா அமைதிப்படையில் நம் ராணுவ வீரர்கள் நின்றார்கள், 1967 போரில் சிலர் உயிரையும் விட்டார்கள்.

அக்டோபர் 7 தாக்குதலை இந்தியா பயங்கரவாதம் என்று கண்டித்தது. ஆனால் ஹமாசைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஐநா பொதுச்சபையில் 2023 அக்டோபர் போர்நிறுத்தத் தீர்மானத்தில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது, டிசம்பரில் ஆதரித்து ஓட்டுப் போட்டது.

இதைப் பேசினாலே கோயமுத்தூர்ல ஒரு மாதிரி பாக்கறாங்களே?

1998 குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் அது, பயம் இருக்கும். அதற்காக உக்கடத்தில் கடை வைத்திருக்கும் பாயிடம் ஹமாசுக்குக் கணக்குக் கேட்பது அநியாயம். காசாவில் கிறித்தவர்களும் உண்டு, சிறிய கூட்டம். 2023 அக்டோபரில் அங்கே குண்டு விழுந்த புனித போர்பிரியஸ் தேவாலயம் உலகின் பழைய தேவாலயங்களில் ஒன்று.

நம்ம புலிங்க மாதிரிதானுங்களே ஹமாசும்?

தமிழன் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. சிலர் பெருமையாகக் கேட்கிறார்கள், சிலர் குத்தலாக.

ஒற்றுமை நிறைய. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தைப் புலிகள் ஆண்டார்கள்: சொந்தப் போலீஸ், கோர்ட், வரி. கொழும்பு அரசு பொருளாதாரத் தடை போட்டது. பேட்டரி, மண்ணெண்ணெய், சோப்புக்கே தட்டுப்பாடு. பவானிசாகர் இலங்கை அகதி முகாமில் வளர்ந்து இப்போது எங்கள் யூனிட்டில் செக்கிங் பார்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்ததையும், சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டதையும் அவர் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாத்தியாருக்கும் கச்சேரி எனும் மாவட்ட அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் சம்பளம் மட்டும் அப்போதும் கொழும்பிலிருந்தே வந்தது. குப்பைக் கேள்விக்கு மேலே சொன்ன பதிலோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். பிடி ஒருவர் கையில், சுமை இன்னொருவர் தலையில்.

மாற்றுக் குரலை ஒடுக்குவதிலும் ஒற்றுமை உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. 2009-இல் முள்ளிவாய்க்காலில் அரசுப் படை பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே பீரங்கிக் குண்டு அடித்தது, வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் தடுத்துச் சுட்டார்கள். 2011-இல் ஐநா நிபுணர் குழு இரண்டையும்தான் எழுதியது.

வித்தியாசமும் பெரியது. ஹமாஸ் மத அரசியல் இயக்கம், புலிகள் இன விடுதலை பேசியவர்கள். ஹமாஸ் ஒருமுறையாவது தேர்தலில் ஜெயித்தது. ஹமாசுக்கு ஈரான், கத்தார் என்று அரசுகளின் துணை உண்டு. புலிகளுக்குக் கடைசிக் காலத்தில் எந்த நாடும் இல்லை, இந்தியா 1992-லேயே தடை செய்துவிட்டது. முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த படங்கள் கொஞ்சம்தான். காசாவைச் செல்போனில் உலகமே பார்த்தது. பார்த்தும் நிற்கவில்லை என்பதுதான் அந்த அக்காவின் ஆத்திரம்.

சனங்க ஏன் ஹமாசை எதிர்த்து ஒரு வார்த்தை கேக்கல?

கேட்டார்கள். 2019 மார்ச்சில் "வாழ விரும்புகிறோம்" என்று விலைவாசிக்கும் வரிக்கும் எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ஹமாஸ் போலீஸ் அடித்து உள்ளே போட்டது. 2025 மார்ச்சில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே பெய்த் லாஹியாவில் ஹமாஸ் வெளியேற வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். தலைக்கு மேலே விமானம், தெருமுனையில் துப்பாக்கிக்காரன். அந்த நிலையில் கோஷம் போட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்கிற நாம் யோசிக்க வேண்டும்.

சரி, இப்ப அங்க யாருதாங்க ஆளறாங்க?

2025 டிசம்பர் தொடக்க நிலவரம் இது. அந்த வருசம் அக்டோபர் 10 முதல் போர்நிறுத்தம். உயிரோடிருந்த 20 பணயக் கைதிகளும் சில நாளில் விடுவிக்கப்பட்டார்கள். மஞ்சள் கோடு என்று ஒன்றைப் போட்டு, காசாவின் பாதிக்கும் மேலான நிலத்தை இஸ்ரேல் ராணுவம் வைத்திருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கான்கிரீட் கட்டைகள்தான் அடையாளம். கோட்டைத் தாண்டியதாகச் சொல்லிச் சுடப்பட்டவர்கள் போர்நிறுத்தத்துக்குப் பிறகும் உண்டு. மிச்ச நிலத்தில்தான் சனத்தில் பெரும்பாலோர் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். அங்கே ஹமாஸ் போலீஸ் உடனே தெருவுக்குத் திரும்பியது, எதிரிக் குழுவினர் என்று சிலரை நடுத்தெருவில் சுட்டும் கொன்றது. இஸ்ரேல் ஆயுதம் கொடுத்து வளர்த்த உள்ளூர்க் குழுக்களும் உண்டு; அதில் ஒன்றின் தலைவர் யாசர் அபு ஷபாப் டிசம்பர் தொடக்கத்தில் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவின் 20 அம்சத் திட்டத்தை நவம்பர் 17-இல் ஐநா பாதுகாப்பு அவை ஏற்றது; ரஷ்யாவும் சீனாவும் ஓட்டுப் போடவில்லை. கட்சி சாராத பாலஸ்தீன நிர்வாகக் குழு ஒன்று, அதற்கு மேலே ட்ரம்ப் தலைமையில் அமைதி வாரியம், பாதுகாப்புக்குப் பன்னாட்டுப் படை என்பது ஏற்பாடு. ஆட்சியை விட்டுத்தருகிறோம் என்கிறது ஹமாஸ். பாலஸ்தீன அரசு அமையாமல் ஆயுதத்தைக் கீழே வைக்க முடியாது என்றும் சொல்கிறது. ஆயுதம் போகாமல் முழுவதும் பின்வாங்க மாட்டோம் என்கிறது இஸ்ரேல். ஹமாஸ் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பல்லாயிரம் ஊழியர்களைப் புதுக் குழு வைத்துக்கொள்ளுமா, சம்பளம் யார் கொடுப்பது என்ற 2007 காலத்துப் பிரச்சினையும் தீராமல் அப்படியே நிற்கிறது.